பதினொன்றாம் குழாய்

கோவாலிங் மேட்டில் மண் செங்குத்தாக நிற்கிறது.
தேடினாலும் ஒரு கூழாங்கல் கிடையாது.
அத்தனையும் காற்று கொண்டுவந்து போட்டது,
வருஷத்துக்கு ஒரு நகத்தின் கனம்கூட இல்லாமல்.

இடுப்பில் கயிறு. தொங்கியபடி குறிக்கிறேன்:
மஞ்சள் (குளிர், வறட்சி, ஓயாத புழுதி).
செம்பழுப்பு (மழை பெய்திருக்கிறது,
புல் வேரோடியிருக்கிறது,
மண்புழு மேலும் கீழுமாக உழுதிருக்கிறது).
மறுபடி மஞ்சள்.
மஞ்சளுக்குள் மிளகளவு ஒரு நத்தைக்கூடு,
உடையாமல்.

கீழே தவ்லத்மோ கத்துகிறாள், ரொட்டி ஆறுகிறதாம்.
அவள் வீட்டுச் சுவர் இந்த மண்.
தந்தூர் அடுப்பு இந்த மண்.
புருஷன் மட்டும் ரியாசானில்
யாருக்கோ கான்கிரீட் கலக்குகிறான்.

"இதிலே என் ஆடுகள் செத்த வருஷம் எது?"
"அவ்வளவு நுணுக்கமாகத் தெரியாது.
ஆயிரம் ஆயிரமாகத்தான் பார்க்க முடியும்."
ரொட்டியைப் பிட்டு என் பக்கம் தள்ளினாள்.
"அப்படியென்றால் உன் கணக்கில் நாங்கள் யாருமே இல்லை."
பச்சைத் தேநீர் நாக்கைச் சுட்டது.
பதில் சொல்லாமலிருக்க அது போதுமானதாயிருந்தது.

வெயில் பட்ட கடைசி நாளைத்தான்
ஒரு துகள் நினைவில் வைத்திருக்கிறது.
புதைந்த நொடியிலிருந்து
சுற்றியுள்ள மண்ணின் மெல்லிய கதிர்வீச்சை
உண்டியலில் சில்லறைபோலச் சேர்க்கிறது.
சிவப்பு விளக்கெரியும் அறையில்தான்
அதை உடைத்து எண்ண வேண்டும்.
நடுவில் ஒரு கீற்று வெளிச்சம் போதும்,
உண்டியல் காலி.

ஆகவே இரும்புக் குழாய், சம்மட்டி,
இரண்டு மூடி, மூன்று சுற்றுக் கறுப்புத் துணி.
பதினான்கு குழாய்கள்.
பதினொன்று மட்டும்
இரண்டு நாள் அடித்து இறக்கியது.

சோதனைச் சாவடியில் ஆகஸ்ட் மத்தியானம்.
அந்த மலைப்பாதையில் கறுப்புத் துணியில் சுற்றியது எதுவானாலும்
அதற்கு ஒரே அர்த்தம்தான்.
"மெஹ்ரங்கேஸ் அக்கா, என்ன இது?"
"புழுதி."
"புழுதியைப் பூட்டியா வைப்பார்கள்?
என் கண்ணிலேயே மண்ணைத் தூவுகிறீர்களா?"
நான் வாய் திறப்பதற்குள்
சங்கின் மூடியைத் திருகி
பழைய செய்தித்தாளில் கவிழ்த்துவிட்டான்.
முகர்ந்தான். நாக்கு நுனியில் வைத்தான்.
"மண்," என்றான்,
ஏமாந்த பிள்ளையைப்போல.

மனிதக் கண் எதுவும் காணாத ஒரு மாரிக்காலத்தின் முடிவு
அந்தத் தாளில்,
கோதுமை விலைப்பட்டியலின்மேல்
கண் கூசிக் கிடந்தது.

பன்னிரண்டை எடுத்தான்.
"அது வெளிச்சம் பார்த்து ரொம்ப நாளாகிறது," என்றேன்.
"எத்தனை நாள்?"
"அதைக் கேட்கத்தான் கொண்டுபோகிறேன்."
கையில் வைத்துக் கொஞ்சம் எடை பார்த்தான்.
பிறகு, ஏனென்று இன்றும் விளங்கவில்லை,
வெயிலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று
தன் நிழலுக்குள் வைத்தே
என்னிடம் தந்தான்.

கொட்டியதைக் கூட்டி அள்ளிக்கொண்டேன்,
பிடிவாதம்தான், வேறென்ன.
துஷான்பேயில் அதையும் எண்ணினேன்.
மற்றவை தொண்ணூறாயிரம், லட்சம் என்று பேச
ஏட்டில் எழுதினேன்:
குழாய் 11. வயது, ஒன்பது நாள்.

இரவு தவ்லத்மோவின் போன்.
"அடுப்பு விரிசல் விட்டுப்போச்சு.
நீ தோண்டின ஓட்டையிலேயே மண் எடுத்துப் பூசிவிட்டேன்.
தப்பில்லையே?"
எந்த ஓட்டை என்று கேட்டேன்.
"கைக்கு எட்டினது.
நத்தைக்கூடு இருந்ததே, அதற்குப் பக்கத்தில்."

நெருப்பும் வெயில்போலத்தான்,
எண்ணி வைத்ததையெல்லாம் அழித்துவிடும்.
சொல்லவில்லை.
"ரொட்டி எப்படி வந்தது?" என்றேன்.
"ஒரு பக்கம் கருகிவிட்டது," என்றாள்,
"காற்று."